நாங்களும் குருவி பார்க்கத்தான் வந்தோம்

என் மச்சாளை, அதாவது மனைவியின் தங்கையை, அதற்கு முன் இரண்டு முறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முறையும் கோயிலில். எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாகக் கும்பிட வந்தவர்கள் போல வருவார்கள். நாங்களும் தற்செயலாகப் போவோம். கோயில் வீதி சுற்றும்போது ஒருவரை ஒருவர் தற்செயலாகக் கடப்போம். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. சாமி கும்பிட்டதோடு போயிற்று. ஆனால் இரணைமடுக் குடியேற்றத்தில் எங்கள் வாய்க்காலை அண்டி நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். எங்களை விட்டால் நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொரு குடும்பத்தாருக்கும் அன்று பார்த்துக் கோயிலில் வேலை வந்துவிடும். இரண்டாம் முறை திருநீறு தரும்போதே "சரிவந்ததோ?" என்று ஐயரே மெல்லக் கேட்டுவிட்டார். சரிவரவில்லை.

மூன்றாவது முறை கோயில் வேண்டாம் என்று மாமி, அதாவது மனைவியின் தாய், சொல்லிவிட்டார். மச்சாளுக்கு அப்போது இருபத்தேழு வயது. குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு மாப்பிள்ளைகளும் கழன்றதற்கு அந்த வேலையும் ஒரு காரணம் என்று கலியாணத் தரகர் மாமியிடம் சொல்லியிருந்தார். கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாளா என்று கேட்டால், மச்சாள் விடமாட்டேன் என்றுதான் சொல்வாள். வேறு எதைப்பற்றிக் கேட்டாலும் அவளிடம் ஒரு பகிடியான பதில் இருக்கும். இதற்கு மட்டும் பகிடி வராது.

மாமியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ஒரு மகன் பளைப் பக்கத்தில் இருந்தார். நாற்பத்துமூன்று வயது, மனைவியை இழந்தவர். தென்னந்தோட்டமும் அரிசி ஆலையும் உண்டு. தன் வீட்டுக்கு வருகிறவள் சோக்குக்கட்டியைத் தொடத் தேவையில்லை என்பதை ஒரு பெரிய உபகாரம் போலச் சொல்லியனுப்பியிருந்தார். மூன்றாவது இடமும் தவறினால் மாசியில் அவருக்குச் சம்மதம் சொல்வதாக மாமி வாக்குக் கொடுத்துவிட்டார். இது மச்சாளுக்குத் தெரியாது என்று மாமி நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மச்சாள் என்னிடம் வந்து, "இந்த முறை வாறவர் கொம்போடு வந்தாலும் நான் சிரிக்கத்தான் வேணும், என்ன அத்தான்?" என்று கேட்டாள். நான் கதவின் பிணைச்சல்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சுண்டிக்குளத்துக்குப் போவது தரகரின் யோசனை. அங்கே கடலோரமாக ஒரு பெரிய களப்பு, உப்புநீர் ஏரி, உண்டு. மாரிக்குப் பிறகு தேசாந்தரத்துப் பறவைகள் எல்லாம் வந்து இறங்கும். அரசாங்கம் அதைச் சரணாலயம் ஆக்கி வைத்திருந்தது. பறவைகள் பார்க்கும், ஆனால் கதை கொண்டு திரியாது என்றார் தரகர். மாப்பிள்ளை வவுனியாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர்களும் பறவை பார்க்க வந்தவர்கள் போல வருவார்கள். ஒருவரை ஒருவர் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதோடு பழைய விதியும் உண்டு. பேச்சு முற்றாகும்வரை ஒரு பகுதியாரின் சோற்றையோ தண்ணீரையோ மற்றப் பகுதியார் தொடுவதில்லை. தொட்டால் சம்மதம் என்று பொருள், பிறகு பின்வாங்க முடியாது. கேளாமல் கொடுக்கிறவர்கள் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று பொருள். தரகர் தான் வரமாட்டேன் என்றார். அவருடைய கறுப்புக் கோட்டை வவுனியா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பரந்தன் சந்தியில் தேநீர்க் கடையில் இருப்பதாகச் சொன்னார்.

மாமி பொய் சொல்லமாட்டார். அயலுக்கு உல்லாசப் பயணம் என்று சொன்னால், உண்மையாகவே உல்லாசமாகப் பயணம் போகவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே பொங்கலோடு சேர்ந்து வந்த விடுமுறையில், முதலில் முல்லைத்தீவு, ஓர் இரவு அங்கே தங்கல், மறுநாள் சுண்டிக்குளம் என்று ஏற்பாடாயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு சாமியும் இல்லாத இடத்துக்குப் பயணம் போனதில்லை. சுண்டிக்குளத்தில் என்ன கோயில் என்று எல்லோரும் கேட்டார்கள். குருவி பார்க்கப் போகிறோம் என்றதும் பக்கத்து வளவுக்காரர், "எங்கட வயலில வந்து பாருங்கோவன். கதிர் முழுக்க அதுகள்தான் நிக்குது," என்றார்.

மாமா வரவில்லை. காலபோக நெல் முற்றுகிற நேரம், காட்டுப் பன்றிக்குக் காவல் இருக்கவேண்டும். ஆக, மாமி, மனைவி, மச்சாள் என்று மூன்று பெண்களுக்கு நான் ஒருவன் பொறுப்பு. நான் அப்போது குளத்தின் நீர்மட்டத்தைத் தினமும் அளந்து பதிகிற வேலையில் இருந்தேன். அளக்காத எதையும் நான் நம்புவதில்லை. வாடகைக் காரில் ஏற்றிய சாமான் பத்தொன்பது. அதில் ஒன்று கிணற்றுக் கயிறு. எதற்கு என்று மனைவி கேட்டாள். எதற்கும் என்றேன்.

முல்லைத்தீவில் எனக்குத் தெரிந்த ஒரு மீன் முதலாளியின் வீட்டில் தங்கினோம். கத்தோலிக்கக் குடும்பம், தாராளமான கை. கடற்கரைக்குப் போனோம். மாமி கடலைப் பார்த்து, இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு ஏக்கருக்குப் பாய்ச்ச முடியாதே என்று கவலைப்பட்டார். கரையில் இழுத்து வைத்த வள்ளங்களை நான் எண்ணினேன், அறுபத்தேழு. அன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாத நாள். வீட்டுக்கார அம்மா சமைத்த நண்டுக் கறியின் வாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பருப்போடு சாப்பிட்டோம். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மாமி பட்டுச்சேலையை மடித்து மடித்து வைப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "பொம்பிளை பாக்கிற அலுவல் எண்டால் சொல்லலாமே பிள்ளை, மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுவன்," என்றார். மாமி அப்படி ஒன்றுமில்லை என்றார். சற்றுப் பொறுத்து, கொளுத்துவதானால் கொளுத்தட்டும், தடுக்க நாங்கள் யார் என்றார்.

சுண்டிக்குளத்தில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது என்று சொல்லி, இரண்டு தகரங்களில் தண்ணீர் நிரப்பித் தந்ததும் அந்த அம்மாதான். ஆக, சாமான் இருபத்தொன்று.

மறுநாள் பரந்தன் வீதியால் திரும்பி வந்து, கண்டாவளைப் பக்கமாக இறங்கும் மண் பாதையைப் பிடித்தோம். முதலில் வயல், பிறகு பனை, பிறகு முட்பற்றை, பிறகு ஒன்றுமே இல்லை. உப்புப் பூத்த வெள்ளை வெளி, அதற்கு அப்பால் களப்பு. சரணாலயம் என்று எழுதிய பலகையின்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு இருந்தது. தண்ணீருக்குள் பூநாரைகள் இளஞ்சிவப்பாக ஒரு வேலி போல நின்றன. இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. நாங்கள் அதற்காக வரவும் இல்லை. நான் கூழைக்கடாக்களை எண்ணத் தொடங்கினேன். இருநூற்றுப் பதினாறில் எல்லாம் எழும்பி இடம் மாறி இருந்தன. பறவைகளுக்கு எண்ணுகிறவனைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது.

சும்மா குருவி பார்க்க வந்தவள் போல மச்சாள் தெரியவேண்டும் என்றும், அதே நேரம் பட்டு உடுக்கவேண்டும் என்றும் மாமி கட்டளை. ஆகவே அந்த வெட்டவெளியில், கரும்பச்சைப் பட்டும் இரண்டு வடச் சங்கிலியும் தலை நிறைய மல்லிகையுமாக, அவள் ஒரு நாவல் மரத்தின் கீழ் நின்று நீர்க்காகத்தைப் பார்த்தாள். நீர்க்காகமும் அவளைப் பார்த்தது.

அவர்களுடைய கார் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய், தாயின் தமையன். அந்த அம்மாவும் பட்டுத்தான். மாமி ஒரு பெருமூச்சு விட்டார்; உடுப்பில் சமன். மாப்பிள்ளை மெலிந்த மனிதர், கழுத்தில் எங்கேயோ இரவல் வாங்கிய தூரக்கண்ணாடி ஒன்று தொங்கியது. இறங்கியவர் அதைக் கண்ணில் வைத்தார், வைத்தது வைத்ததுதான். நாங்கள் தற்செயலாக அவர்கள் பக்கம் நடந்தோம். அவர்கள் தற்செயலாக எங்கள் பக்கம் நடந்தார்கள். தாயும் தமையனும் மச்சாளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியை இறக்கவில்லை.

"தம்பி, அவர் என்னத்தைப் பாக்கிறார்?" என்று மாமி என்னிடம் மெல்லக் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு பறவையும் இல்லை என்றேன். நான் நான்கு திசையும் எண்ணியவன்.

மாமிக்கு முகம் கறுத்தது. மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதும் பழுதோ, தரகர் மறைத்துவிட்டாரோ என்று தொடங்கினார். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்ணில பழுதில்லை அம்மா. அவருக்கு என்னை விடப் பயம்," என்றாள்.

அத்தோடு பார்வை முடிந்தது. ஒரு சொல்லும் இல்லை, ஒரு சாடையும் இல்லை. அவர்கள் போய்க் காரில் ஏறினார்கள். முதல் இரண்டு முறையும் இப்படித்தான் முடிந்தது. மச்சாள் பறவைகளின் பக்கம் திரும்பி நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மாமி விரல் மடித்து மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

அவர்களுடைய டிரைவர் காரைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தார். அந்த வெள்ளை வெளி பார்வைக்குச் சீமெந்துத் தரை போல இருக்கும். மேலே காய்ந்த உப்பு, கீழே களி. பின் சில்லுகள் இரண்டும் பாதிக்குத் தாழ்ந்தன. டிரைவர் வேகம் கொடுத்தார். முக்காலுக்குத் தாழ்ந்தன.

நாங்கள் அவர்களைத் தெரியாதவர்கள். தெரியாதவர்கள் உதவிக்குப் போகலாமா என்று மாமியிடம் கேட்டேன். தெரியாதவர்கள்தான் போகலாம் என்றார். போனேன். தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை எதிர்கொண்டார். அவருக்கு என் மச்சாளின் சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று தெரியும். எனக்கு அவருடைய மருமகனின் சம்பளம் சதக் கணக்கில் தெரியும்.

"தம்பிக்கு எந்த இடம்?" என்றார்.

"இரணைமடுப் பக்கம். நீங்கள்?"

"வவுனியா. சும்மா குருவி பாக்க வந்தனாங்கள்."

"நாங்களும் குருவிதான்."

"நல்ல குருவியள்," என்றார் அவர், களப்பின் பக்கம் திரும்பாமலே.

அவர்களுடைய டிரைவர் வேகம் கொடுக்க, எங்கள் டிரைவரும் நானும் அவரும் மாப்பிள்ளையும் தள்ளினோம். நான்கு பேர், எட்டுக் கால், எல்லாம் முழங்கால் வரை களிக்குள். என் ஒரு செருப்பை அந்தக் களி எடுத்தது எடுத்ததுதான். கார் அசையவில்லை, ஆனால் கொதித்தது. அவர்களுடைய டிரைவர் ஒன்றும் யோசிக்காமல், அவர்கள் குடிக்கக் கொண்டுவந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் அதற்குள் ஊற்றிவிட்டார். அங்கே தேநீர்க் கடை இருக்கும் என்று நினைத்தாராம்.

வெயில் உச்சிக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் நாவல் மரத்தின் மறுபக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு மரம் இல்லை. இந்தப் பக்கம் மாமி, நடுவில் மரம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காணாதவர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முழுத் தகரமும் அரைத் தகரமும் தண்ணீர் இருந்தது. அந்த அம்மா இருமினார். பிறகு பட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் இருமினார்.

மாமி என்னைக் கூப்பிட்டார். அவர் கையை அவரே பிசைந்துகொண்டிருந்தார். கொடுத்தால் பெண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறோம் என்பார்கள், கொடுக்காவிட்டால் பாவம். நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் டிரைவர் அவர்களுடைய டிரைவருக்குக் கொடுக்கட்டும். டிரைவர்மார் இருவரும் எந்தப் பகுதியும் இல்லை. அவர் வாங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்தால் அது அவர் தண்ணீர். மாமி ஒப்புக்கொண்டார். எங்கள் டிரைவர் செம்பில் கொடுத்தார். அவர்களுடைய டிரைவர் வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை தானே குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காருக்கும் வேண்டும் என்றார்.

மாமி யோசித்தார். "காருக்குக் குடுக்கலாம்," என்றார். "கார் சம்பந்தி இல்லைத்தானே."

காருக்கு ஐந்து செம்பு கொடுத்தோம். நான் எண்ணினேன். மரத்தின் மறுபக்கத்தில் இருந்த அந்த அம்மாவும் எண்ணியிருப்பார். ஒவ்வொரு செம்பும் போகும்போது அவர் கண்ணும் கூடவே போயிற்று. ஐந்தாவது செம்பில் அவர் மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். உதடு வெடித்திருந்தது.

மச்சாள் எழும்பினாள். செம்பை நிரப்பினாள். மாமி அவள் சேலையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் போய் அந்த அம்மாவின் முன்னால் குந்தினாள்.

"அம்மா, இதைக் குடியுங்கோ," என்றாள். "என்னைப் பிடிக்காட்டில் பரவாயில்லை, அதை நாளைக்குச் சொல்லியனுப்புங்கோ. இண்டைக்கு வெயில்."

அந்த அம்மா கண்ணைத் திறந்து, முதலில் செம்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும் ஒண்டு கொண்டா பிள்ளை," என்றார். மாமி என் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் போச்சு, பளையில்தான் முடியப்போகிறது என்றார்.

இரண்டாவது செம்போடு மச்சாள் திரும்பியபோது மாப்பிள்ளை களிக்குள்ளிருந்து ஏறி வந்துவிட்டார். தூரக்கண்ணாடி முதுகுப் பக்கம் போயிருந்தது. முதல் முறையாக அவளை நேரே பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். பகிடிக்கு இல்லை, தாகத்துக்கு.

மச்சாள் ஊற்றவில்லை.

"அம்மாவுக்குத் தந்தது தண்ணி," என்றாள். "உங்களுக்குத் தந்தால் இவை எல்லாரும் வேறை கணக்குப் போடுவினம். அதுக்கு முதல் ஒண்டு சொல்லுறன். நான் பள்ளிக்கூட வேலையை விடமாட்டன். அது சரியோ உங்களுக்கு?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டை அப்படி வறண்டிருந்தது. மறுபடி திறந்தார், கதவு கிறீச்சிடுவது போல ஏதோ வந்தது. பதில் சொல்லாமல் தண்ணீர் கிடைக்காது, தண்ணீர் இல்லாமல் பதில் வராது. மனிதர் செம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மச்சாளுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பில் ஆடிய செம்பிலிருந்து ஒரு மிடறு அளவு அவர் கையில் ஊற்றினாள்.

அவர் அதைக் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"வவுனியாப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேக்கிறதெண்டால் கன காலம் இழுப்பாங்கள்," என்றார். "இப்பவே எழுதிப் போடுங்கோ."

அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? மச்சாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சச் செம்பை முழுவதும் ஊற்றினாள். பாதி அவருடைய சட்டையில் போயிற்று.

தாய்மாமன் களிக்குள் நின்றபடியே, இது என்ன முறை, பொம்பிளை வாய் திறந்து கேட்கிறதோ என்று சத்தம் போட்டார். அவருடைய தங்கை, மாப்பிள்ளையின் தாய், மரத்தடியிலிருந்து, "அண்ணை, நீங்களும் வந்து குடியுங்கோ, பிறகு கோவியுங்கோ," என்றார். அவர் வந்தார். நான்கு செம்பு குடித்தார். பிறகு கோவிப்பதற்கு மறந்துபோனார்.

என் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, எங்கள் கார் இழுக்க, பெண்கள் உட்பட எல்லோரும் தள்ள, அவர்களுடைய கார் வெளியே வந்தது. மாமியும் சம்பந்தி அம்மாவும் ஒரே மட்காட்டில் பக்கத்துப் பக்கமாகத் தோள் கொடுத்தார்கள். சமனாக வந்த இரண்டு பட்டும் சமனாகக் களியாயிற்று. சாப்பாடு எங்களுடையது. டிரைவரோடு ஐந்து பேருக்குக் கட்டியதை ஒன்பது பேருக்குப் பங்கு வைக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. புளிச்சாதம் ஒருவாறு சரிவந்தது; வடை பதினொன்று. பதினொன்றை ஒன்பதால் பிரிப்பது பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மாமி இரண்டு இரண்டாக எடுத்து மாப்பிள்ளைக்கும் தாய்க்கும் தாய்மாமனுக்கும் வைத்துவிட்டார். எனக்கு வடை வரவில்லை.

பரந்தன் சந்தியில் தரகர் கறுப்புக் கோட்டோடு கடை வாசலுக்கு வந்தார். எங்களைக் கண்டதும் அவருக்கு விளங்கவில்லை. எல்லோரும் களி, எல்லோரும் சிரிப்பு. முற்றாகிவிட்டது என்று மாமி சொன்னார். எங்கள் பக்கத்தில் யார் கதைத்தது என்று கேட்டார் தரகர்.

"பொம்பிளைதான்," என்றார் மாமி.

தரகர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த விஷயத்தை வெளியே விடவேண்டாம், ஆட்கள் தாங்களே கதைத்து முடிக்கத் தொடங்கினால் தன் தொழில் என்னாகும் என்று மாமியிடம் மன்றாடினார். மாமி சரி என்றார்.

பொய் சொல்லாத மாமி அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றவில்லை. அடுத்த கிழமைக்குள் நாற்பத்தொரு குடும்பத்துக்கும் கதை போய்விட்டது. கொண்டுபோனவர் மாமியேதான். சொல்லச் சொல்லக் கதை மாறிக்கொண்டு வந்தது. முதலில் மகள் எழும்பிப் போனாள். பிறகு தான் கண்ணைக் காட்ட அவள் போனாள். கடைசியில், "விதியாவது மண்ணாவது, அந்த மனுசிக்குத் தண்ணியைக் கொண்டுபோய்க் குடு பிள்ளை எண்டு நான்தான் அனுப்பினனான்," என்பதில் வந்து நின்றது. காருக்கு ஊற்றிய ஐந்து செம்பு கதையிலேயே இல்லை.

கலியாணம் ஆனியில் நடந்தது. மாற்றம் மாப்பிள்ளை சொன்னபடியே இழுத்தது. அதுவரை சனிக்கிழமை தோறும் அவர் ரயிலேறிக் கிளிநொச்சிக்கு வந்துபோனார். ஒரு நாள் காலை, வேலிக்கு அப்பால் நின்ற யாருக்கோ மாமி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னால் பொறுக்க முடியவில்லை. செம்புக் கணக்கையாவது திருத்துவோம் என்று எழும்பினேன். மச்சாள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"விடுங்கோ அத்தான், அம்மா சொல்லட்டும்," என்றாள். "எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போச்சு."

குடையை விரித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்துவிட்டாள்.